வாஷிங் மெஷின்மேல் ஒரு கிணறு

ஜோர்டானில், அம்மான் நகரின் அஷ்ரஃபியா மலைமேல், நான்காவது மாடியில், எங்கள் குளியலறை வாஷிங் மெஷினுக்கு மேலே எனக்குச் சொந்தமாக ஒரு கிணறு இருக்கிறது. உரிமம் இருக்கிறது, நீல முத்திரை இருக்கிறது, பதிவு எண் இருக்கிறது. கிணறு மட்டும் இல்லை. அதை ஒரு குறையாக இதுவரை எந்த அதிகாரியும் சொன்னதில்லை.

என் பெயர் ஷாஹிர். டவுனில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் இன்டர்நெட் கஃபே நடத்தினேன். எல்லார் சட்டைப்பையிலும் இன்டர்நெட் வந்த பிறகு அதை மூட வேண்டியதாயிற்று. மிச்சமானவை இரண்டு. ஒன்று, ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. இன்னொன்று, மலையில் பாதிப் பேர் என்னை "இன்ஜினியர்" என்று கூப்பிடும் பழக்கம்.

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வரும். அன்றைக்கு மொட்டைமாடித் தொட்டிகளை நிரப்பிக்கொள்ள வேண்டும். தவறவிட்டால் அந்த வாரம் முழுக்க தண்ணீர் லாரிக்காரரிடம் கெஞ்ச வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்பதும் நிலையாக இருக்காது. மாறிய செய்தி குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் வந்திருக்கும்தான். ஆனால் அது முந்நூறு காலை வணக்க ரோஜாக்களுக்கும், கீழ்த்தளத்துக் கசாப்புக்காரர் அபூ மிஷ்அலின் ஆட்டுக்கறிப் படங்களுக்கும் நடுவே எங்கேயாவது கிடக்கும். தேடி எடுப்பதற்குள் தண்ணீர் நின்றுவிடும்.

என் மனைவி லுப்னா தோஹாவில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். மூன்று வருஷமாக அவள் அங்கே, நான் இங்கே. கடை மூடியதும் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு சாயங்காலம் அந்தப் பெட்டியைத் தூசி தட்டினேன். காசு கேட்காத ஓர் இயங்குதளத்தை அதில் ஏற்றினேன். இணைப்பு கொடுக்கும் கம்பெனியிடம் மாறாத முகவரி ஒன்று வாங்கினேன். ரவுட்டரில் வேண்டிய இரண்டு வாசல்களை மட்டும் திறந்துவிட்டு, ஒரு பக்கம் போட்டேன். தெருப் பெயரைத் தட்டினால் தண்ணீர் நாள் வரும். அவ்வளவுதான். ரோஜா கிடையாது.

வீட்டில் குளிர்ச்சியான இடம் குளியலறை என்பதால் சர்வரை அங்கே வைத்தேன். துணி பிழியும்போது மட்டும் அதுவும் சேர்ந்து ஆடும். மற்றபடி சமர்த்து. தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை தன் பாதுகாப்புச் சான்றிதழைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். அதற்காக யாரிடமும் கையெழுத்து கேட்டு நிற்காது. அப்படி ஒரு விஷயம் இந்த நாட்டில் நடப்பதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

முதல் வாரம் பதினோரு வருகைகள். அதில் ஏழு நான். மிச்ச நாலும் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து, "நிர்வாகியின் கடவுச்சொல் ஒன்று இரண்டு மூன்றுதானே?" என்று கேட்டுவிட்டுப் போன திருட்டு நிரல்கள். ஆனால் ரமலான் முடிவதற்குள் நாலாயிரம் வீடுகள் என் பக்கத்தைப் பார்த்துத்தான் மோட்டார் போட்டன. மாடிப்படியில் பார்க்கிற பெண்கள் எனக்காக துஆ செய்தார்கள். மூன்றாம் மாடி உம்மு ஸாயிர் ஒரு தட்டு மக்லூபா சோறு கொடுத்தனுப்பினாள்.

இந்த இடத்தில்தான் நான் புத்தி கெட்டுப்போனேன். யாரும் கூப்பிடாமல், யாரும் மிரட்டாமல், நானாகவே ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன்.

பொதுமக்களுக்குச் சேவை தரும் எந்த வலைப்பின்னல் சாதனத்தையும் "வலைப்பின்னல் இருப்புகள் இயக்குநரக"த்தில் பதிய வேண்டும் என்று செய்தித்தாளில் ஒரு மூலையில் போட்டிருந்தது. போய்ப் பார்த்தேன். ஒன்பது மாடிக் கட்டடம். நாலாவது ஜன்னலுக்குப் பின்னால் சித் இன்திசார் என்ற அம்மாள் எள்ளு போட்ட கஅக் ரொட்டியை அவித்த முட்டையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வரிசையில் நான் ஒருவன்தான். இருந்தாலும் எண் சீட்டு எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். ஒன்று என்று வந்தது.

"என்ன பதியணும், கண்ணு?"

"சர்வருங்க. வீட்டுல சொந்தமா வச்சிருக்கேன்."

"வீட்டுலன்னா எங்க?"

"குளியலறையில."

அவள் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தாள். "படிவத்துல நாலு கட்டம் இருக்கு. பத்திரிகை, வானொலி, தங்கும் விடுதி, கிணறு. உன்னுது எது?"

"இதுல எதுவுமே இல்லையே."

"எதுவுமே இல்லன்னு கட்டம் கிடையாதே, கண்ணு."

இரண்டு பழைய துறைகளை ஒட்டவைத்து அந்த இயக்குநரகத்தை உண்டாக்கியிருந்தார்கள். பழைய படிவங்கள் கட்டுக்கட்டாக மிச்சமிருந்ததால் புதிதாக அச்சடிக்கவில்லை. அதை அவளே பெருமையாகச் சொன்னாள். பிறகு முட்டையை ஓரமாக வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினாள்.

"ஜனங்க வந்து தங்குவாங்களா?"

"ஒரு நிமிஷம் இருந்துட்டுப் போயிடுவாங்க."

"அப்ப விடுதி இல்ல. பாட்டு போடுவியா?"

"இல்லீங்க."

"யாரையாவது திட்டுவியா?"

"சத்தியமா இல்லீங்க."

"அப்ப பத்திரிகையும் இல்ல. ஜனங்க எதுக்குத்தான் வர்றாங்க?"

"தண்ணிக்காக. தண்ணி என்னைக்கு வரும்னு..."

"தண்ணிக்கா! இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" கிணற்றுக்கு எதிரே ஒரு டிக் விழுந்தது. "மூடி இருக்கா? குழந்தைங்க விழுந்துடக் கூடாது பாரு."

"மூடி இருக்கு. நாலு ஸ்க்ரூ போட்டிருக்கேன்."

"உன்ன மாதிரி பொறுப்பானவங்க இருந்தா நாடு எங்கயோ போயிருக்கும்," என்று சொல்லி நீல முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

உரிமத்தைப் படம் எடுத்து லுப்னாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"நம்ம வீட்டுல கிணறா? நாலாவது மாடியிலயா? ஷாஹிர், நீ ஒழுங்கா சாப்பிடறியா இல்லியா?"

சிரித்தோம். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

மார்ச் கடைசியில் லுப்னாவின் மருத்துவமனை அவளுக்குக் குடும்ப விசா வாங்கிக் கொடுத்தது. மே முப்பதாம் தேதிக்குள் நான் தோஹாவில் கால் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் விசா ரத்து. திரும்பவும் கேட்பதற்கு இரண்டு வருஷம் பொறுத்திருக்க வேண்டும். அவள் போனில் அழுதுகொண்டே ஒரு பட்டியல் சொன்னாள்: ஸஅத்தர் பொடி, எண்ணெயில் ஊறிய லப்னே தயிர் உருண்டை, அவள் அம்மா கொடுத்த வெள்ளைப் போர்வை, நான். எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி, ஏப்ரல் பத்தாம் தேதி விமான நிலையம் போனேன். பக்கத்தை டவுன் கடையில் ஒரு நண்பன் கவனித்துக்கொள்வதாக ஏற்பாடு.

பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி தன் திரையை நெடுநேரம் பார்த்தார்.

"உங்க பேர்ல ஒரு திறந்த கிணறு இருக்கு."

"அது கிணறு இல்ல பாஷா. கம்ப்யூட்டர்." எங்கள் ஊரில் அதிகாரி என்றாலே பாஷாதான்.

"கிணத்துக்காரங்க எல்லாரும் இப்படி ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்யறாங்க." குரலில் கோபமே இல்லை. "கிணத்தைத் திறந்து போட்டுட்டு சொந்தக்காரர் நாட்டைத் தாண்டக் கூடாது. நாளைக்கு ஒரு குழந்தை உள்ள விழுந்தா தோஹாவுக்கா வந்து உங்களைத் தேடறது? போய் மூடிட்டு வாங்க. நீங்களா ஓரமா நிக்கறீங்களா, ஆளைக் கூப்பிடவா?"

ஓரமாக நின்றேன். லப்னே உருண்டைகளும் என்னோடு திரும்பி வந்தன.

மறுநாள் இயக்குநரகத்தின் ஒன்பதாவது மாடிக்குப் போனேன். இயக்குநர் டாக்டர் முவஃபக் பெய்க்கை "அத்தூஃபத்தக்" என்று பட்டம் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். "சார்" என்றால் அவருக்குக் காது கேட்காது. வாசலில் இருந்த செயலாளர் அந்தச் சொல்லை என்னிடம் மூன்று முறை சொல்லவைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்.

"அத்தூஃபத்தக், என் சர்வரை மூடணும். நிறுத்திட்டேன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்."

அவர் முகம் வாடிப்போனது. நாற்காலியை விட்டு எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சகோதரா, உன்கிட்ட மனசு விட்டுச் சொல்றேன். இந்த இயக்குநரகம் ஆரம்பிச்சு ஆறு வருஷமாச்சு. இருநூத்திப் பத்து ஊழியருங்க. கண்காணிப்புப் பிரிவு, மேல்முறையீட்டுப் பிரிவு, பிரிவுகளை ஒருங்கிணைக்க ஒரு பிரிவு. ஆறு வருஷத்துல தானா நடந்து வந்து பதிஞ்சவங்க எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர். நீ. போன வருஷ அறிக்கையில 'பதிவான இருப்புகள்: பூஜ்யம்'னு போட்டேன். இந்த வருஷம் 'ஒன்று'. வளர்ச்சி எத்தனை சதவீதம்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தோம். பதில் சொல்ல முடியலன்னு அதுவே கைவிரிச்சிருச்சு. மந்திரி எந்திரிச்சு நின்னு கைதட்டினார். இப்ப நீ மூடினா நாங்க எதை ஒழுங்குபடுத்தறது?"

"அத்தூஃபத்தக், என் மனைவி தோஹாவுல..."

"குடும்பம் முக்கியம்தான். யாரு இல்லன்னாங்க? சட்டத்துல வழி இருக்கு. பிரிவு பத்தொம்பது. குழு வந்து ஆழம் பார்க்கும். அப்புறம் குழு முன்னால சிமென்ட் ஊத்தி மூடணும். திறக்கறதுக்கு ஒரு ஆள் போதும். மூடறதுக்கு ஒரு குழு வேணும். அதுதான் நாகரிகம்."

வேறு ஒருவர் பெயருக்கு மாற்றலாமா என்று கேட்டேன். கிணற்றை நிலத்திலிருந்து பிரித்து மாற்ற முடியாதாம். மாற்றுவதானால் நாலு மாடிக் கட்டடத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். கட்டடம் எனக்குச் சொந்தமில்லை. வாடகை வீடு.

குழு ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி வந்தது. மூன்று பேர். தலைவர் பெயர் அபூ ராக்கான். கையில் ஈயக்குண்டு கட்டிய கயிறு. நான் குளியலறைக் கதவைத் திறந்து பெட்டியைக் காட்டினேன். இப்போதாவது சிரிப்பார்கள், தலையில் அடித்துக்கொண்டு போவார்கள் என்று நம்பினேன். அவர்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

அபூ ராக்கான் குண்டைப் பெட்டியின் உச்சியிலிருந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இறக்கினார். "ஒரு மீட்டர் நாற்பது," என்றார். இன்னொருவர் எழுதிக்கொண்டார். அன்று காலை நான் துணி போட்டிருந்தேன். மெஷின் உள்ளே களக் களக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் காதை வைத்துக் கேட்டார்கள்.

"அடியில தண்ணி இருக்கு," என்றார் அபூ ராக்கான், மெதுவான குரலில்.

"அது வாஷிங் மெஷின் தண்ணிங்க."

"தண்ணிக்குப் பேரு கிடையாது இன்ஜினியர். தண்ணின்னா தண்ணி." கழிவுக் குழாயைப் பிடுங்கி ஒரு பாட்டிலில் நிரப்பிக்கொண்டார். "ஆய்வகத்துக்குப் போகும்."

"இது குழாய்த் தண்ணிங்க! சோப்பு கலந்தது! மேல இருக்கறது கம்ப்யூட்டர். நீங்க தினமும் ஆபீஸ்ல தட்டறீங்களே, அதே கம்ப்யூட்டர்!"

"எனக்குத் தெரியாதா? என் மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான்." அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது கம்ப்யூட்டர்னு என் கண்ணுக்குத் தெரியுது. ஆனா என் கையில இருக்கற காகிதத்துல கிணறுன்னு இருக்கு. நான் கண்ணுல பார்த்ததை எழுதினா என்னை யாரு காப்பாத்துவா? காகிதத்துல இருக்கறதை எழுதினா காகிதம் காப்பாத்தும். தேநீர் போடறியா?"

போட்டேன். மூன்று பேரும் புதினா போட்டு இரண்டு கோப்பை குடித்தார்கள்.

ஆய்வக அறிக்கை பத்து நாளில் வந்தது. அந்த வேகத்துக்கே அவர்களைப் பாராட்ட வேண்டும். "குடிக்கத் தகுதியற்றது. நுரை அதிகம். லேசான லாவெண்டர் மணம்." மாசுபட்ட கிணற்றைச் சிமென்ட் ஊற்றி மூடினால் அழுக்கு நிலத்தடி நீரில் இறங்கிவிடும், ஆகவே தண்ணீர் தெளியும் வரை மூடக் கூடாது, தெளிந்ததா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழு வந்து பார்க்கும். கீழே மூன்று கையெழுத்து.

அன்று பகல் சிமென்ட் கடைக்குப் போய் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினேன். நானே ஊற்றிவிடுவது என்று தீர்மானம். அபூ ராக்கானுக்குப் போன் செய்து சொன்னேன்.

"குழு இல்லாம ஊத்தினா அது கிணறு மூடறது இல்ல, கட்டடம் கட்டறது," என்றார். "அதுக்குத் தனி உரிமம். வேற ஆபீஸ். அங்க தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா உனக்கு?"

மூட்டையைக் குளியலறையிலேயே போட்டேன். அந்த ஈரத்தில் இரண்டே நாளில் அது கல்லாகிவிட்டது. இப்போது அதன்மேல் உட்கார்ந்துதான் கால் கழுவுகிறேன்.

மே பன்னிரண்டாம் தேதி எனக்கு வெறி பிடித்தது. பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். விசிறிச் சத்தம் நின்றது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அந்த அமைதியைக் கேட்டேன். முதலில் உம்மு ஸாயிர் கதவைத் தட்டி, இன்றைக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்று கேட்டாள். அடுத்து எதிர் வீட்டுக்காரர். அடுத்து இரண்டு வண்டி நிறைய இயக்குநரக ஆட்கள்.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இயக்குநரகத்தின் ஐந்தாவது மாடியில் சினிமா கொட்டகைத் திரை மாதிரி ஒரு பெரிய திரை இருக்கிறதாம். முப்பத்தாறு பேர் அதன் முன்னால் உட்கார்ந்து காலையிலிருந்து மாலை வரை என் பக்கத்தைக் கண்காணிக்கிறார்களாம். நாட்டில் கண்காணிக்க இருக்கும் ஒரே இருப்பு அதுதானே. திரை கறுத்ததும் இரண்டு பேருக்கு மயக்கம் வந்துவிட்டதாம். "பொதுக் கிணற்றை வேண்டுமென்றே வற்றச் செய்தல்" என்று ஒரு குற்றம் எழுதி, இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்து வாங்கி, என் கையாலேயே பிளக்கைச் சொருகவைத்துவிட்டுப் போனார்கள்.

லுப்னாவிடம் சொன்னேன். அவள் சிரிப்பதை நிறுத்திப் பல நாட்கள் ஆகியிருந்தன.

"நான் இங்க ஒரு மனுஷனோட வென்டிலேட்டரை எடுக்கறதுக்கே மூணு கையெழுத்துதான் வாங்கறேன், ஷாஹிர். உன் டப்பாவுக்கு எத்தனை வேணும்?"

"இன்னும் பதினெட்டு நாள் இருக்கு, லுப்னா. ஏதாவது பண்றேன்."

"நீ பண்ணினது போதும். யாரையாவது பண்ணச் சொல்லு."

அப்படித்தான் கீழ்த்தளத்துக் கசாப்புக்காரர் அபூ மிஷ்அலிடம் போய் நின்றேன். அவர் ஒரு ஆட்டுத் தொடையைத் துண்டுபோட்டுக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார். கத்தியைத் துடைத்து வைத்தார்.

"நீ தனியாப் போய்ப் போய் நின்னா எவன் மதிப்பான்? ஜாஹா கூட்டிக்கிட்டுப் போவோம். நாற்பது பெரிய மனுஷங்க. அவங்க காபி வைப்பாங்க. நாம தொடமாட்டோம். கேட்டதைக் குடுத்தாத்தான் குடிப்போம். கொலைகாரனுக்கே மன்னிப்பு வாங்கிக் குடுக்குது ஜாஹா. ஒரு கம்ப்யூட்டரை அணைக்க முடியாதா?"

"ஆபீஸுக்கு யாராவது ஜாஹா போவாங்களா?"

"இயக்குநரு மனுஷன்தானே? வீட்டுல காபி குடிக்கறவன்தானே? நம்ம ஜனத்துல, வந்த ஜாஹாவை வெறுங்கையோட அனுப்பினா அவன் ஏழு தலைமுறைக்கும் தலை நிமிர முடியாது. விடு, நான் பார்த்துக்கறேன்."

தலைமை தாங்க முனாவர் பாஷாவைப் பிடித்தார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. முப்பது வருஷமாக ஜாஹாக்களுக்கு முன்னால் நடப்பதுதான் வேலை. எழுநூறு பெண்கேட்பு, நாற்பது கொலைச் சமாதானம். அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். சர்வரை மூட அனுமதி, அதுவும் முப்பதாம் தேதிக்குள். ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தேன். சீட்டை மடித்து மார்புப் பையில் வைத்துக்கொண்டார்.

"புரிஞ்சுது. காபி மேல ஒரு விரல் படாது. நீ வாயைத் திறக்காம என் பின்னால நில்லு," என்றார்.

மே இருபத்தாறு, காலை பதினொரு மணி. இயக்குநரகத்தின் பெரிய கூடத்தில் சரிகை மேலங்கி போட்ட நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்தோம். எதிரே டாக்டர் முவஃபக் பெய்க், அவருக்குப் பின்னால் இருநூற்றுப் பத்துப் பேரில் நின்றுகொள்ள இடம் கிடைத்தவர்கள். அபூ மிஷ்அல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். லுப்னா பார்க்க வேண்டும் என்பதற்காக, நடப்பதை என் சர்வர் வழியாகவே நேரடியாக ஓடவிட்டிருந்தேன். அதற்கும் அது மறுக்கவில்லை. ஏலக்காய் போட்ட கசப்புக் காபி சின்னக் கோப்பைகளில் வந்தது. பாஷா தன் கோப்பையை எடுத்து, தொடாமல் மேசைமேல் வைத்தார். முப்பத்தொன்பது கோப்பைகள் அதே மாதிரி கீழே இறங்கின. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

பாஷா எழுந்தார். இறைவனைப் புகழ்ந்தார், நபியைப் புகழ்ந்தார், இயக்குநரின் பாட்டனாரைப் புகழ்ந்தார். கால் மணி நேரம் போனது. பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"இந்த ஷாஹிரோட கிணத்து விஷயமா வந்திருக்கோம். எங்க தேவை என்னன்னு உங்களுக்கே தெரியும். அதை என் வாயால அளந்து சொல்லி உங்க பெருந்தன்மைக்கு எல்லை கட்ட மாட்டேன். கேக்கறது எங்க அளவு. தர்றது உங்க மனசளவு. இந்தக் காபி ஆறிப்போறதும் குடிபடறதும் உங்க ஒரு வார்த்தையில இருக்கு."

நான் பின்னாலிருந்து அவர் அங்கியைப் பிடித்து இழுத்தேன். "மூடணும்னு சொல்லுங்க பாஷா. 'மூடணும்'. ஒரு வார்த்தை."

"சும்மா இரு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஜாஹாவுல விலாவாரியாக் கேக்கறது மளிகைக் கடையில கேக்கற மாதிரி. அசிங்கம்."

இயக்குநர் எழுந்தார். கண்ணில் உண்மையாகவே தண்ணீர். அவர் வாழ்க்கையில் அவரைத் தேடி ஒரு ஜாஹா வருவது அதுதான் முதல்முறையாம்.

"உங்க காபியைக் குடிங்க! நீங்க வந்த காரியம் முடிஞ்சுது, அதுக்கு மேலயும் முடிஞ்சுது!"

ஒரே மடக்கு. முப்பத்தொன்பது கோப்பைகள் காலியாயின. கைதட்டல் கூரையில் மோதியது. அது அடங்கிய பிறகு இயக்குநர் தன் பெருந்தன்மையை விளக்கினார்.

"ஒரு மனுஷன் தன் கிணத்தையே மூடணும்னு சொல்றான்னா அது அவன் தப்பில்ல. நாம அவனைத் தனியா விட்டுட்டோம், அவன் சோர்ந்து போயிட்டான். இத்தனை பெரிய மனுஷங்க முகத்துக்காக, சகோதரர் ஷாஹிரோட உரிமத்தை இருபத்தஞ்சு வருஷத்துக்கு நீட்டிக்கறேன்! 'தேசியக் கிணற்றுக் காவலர்'ங்கற பட்டம் தர்றேன்! அவர் இனிமே ஒரு நாள்கூடத் தனியா கஷ்டப்பட வேண்டாம். நம்ம ஊழியருங்க ரெண்டு பேர் முறை போட்டு அவர் வீட்டுலயே கிணத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க. அவர் சந்தோஷமா இங்கயே இருக்கலாம்!"

பாஷா தலையாட்டினார். எழுநூற்று நாற்பத்தோராவது வெற்றி. என் கையில் இன்னும் காபி இருந்தது. நான் ஒருவன்தான் குடிக்கவில்லை. முதலில் இயக்குநர் அதைக் கவனித்தார், பிறகு எல்லாரும் கவனித்தார்கள். கைதட்டல் சிறுத்து நின்றுபோனது.

"குடி," என்றார் பாஷா. உதடு அசையவில்லை. "குடிக்கலன்னா இத்தனை பேர் மானத்தையும் இங்கயே புதைச்சதா ஆகும். எனக்கு எழுபத்தாறு வயசு. என் முகத்தைப் பாரு."

பார்த்தேன். திரும்பினால் அபூ மிஷ்அலின் போன், என் மூக்குக்கு நேராக. அதன் மறுபக்கத்தில் தோஹாவில் ஒருத்தி சீருடையோடு நின்றுகொண்டு பார்க்கிறாள். இந்தக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு "வேண்டாம், நான் என் பெண்டாட்டியிடம் போக வேண்டும்" என்று சொல்ல எனக்கு ஏழெட்டு வார்த்தைகள் போதும். சொல்லத் தெரியாமல் இல்லை. நாற்பது ஜோடிக் கண்கள் என்மேல் இருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. குடித்தேன். இன்னும் ஊற்ற வந்தவரிடம், போதும் என்று கோப்பையை ஆட்டிக்கூடக் காட்டினேன். கூடம் மறுபடி கைதட்டியது.

அரசாங்க வேலை மெதுவாக நடக்கும் என்பவர்கள் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நான் நாலு மாடி ஏறி வருவதற்குள் முதல் முறைக்கு வந்த ஊழியர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியோடு, புதுப் பதிவேட்டோடு குளியலறையில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். எழுந்து நின்று சலாம் சொன்னார்.

போன் அடித்தது. லுப்னா. வீடியோவில் அவள் தலைமுக்காட்டுக்குக் கீழே மருத்துவமனை அட்டை தொங்கியது.

"பார்த்தேன்," என்றாள்.

"லுப்னா, அங்க என்ன நடந்துதுன்னா..."

"நாற்பது பேர் முன்னால தலைகுனியக் கூடாதுன்னு குடிச்சே. சரி, புரியுது. என் ஒருத்தி முன்னால?"

அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. மே முப்பதுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் குளியலறையிலிருந்து முறைக்காரர் பேனாவோடு தலையை நீட்டினார்.

"மன்னிக்கணும் உஸ்தாத். கிணத்துக் காவலர் யார்கிட்ட பேசினாலும் குறிக்கச் சொல்லியிருக்காங்க. பேரு?"

"லுப்னா."

"உறவு?"

"மனைவி."

"உங்களோட சேர்ந்து குடியிருக்காங்களா?"

லுப்னா திரையில் அசையாமல் காத்திருந்தாள். அவளும் இந்தப் பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றேன்.

அவர் அதை நீல மையில் எழுதிக்கொண்டார். லுப்னா போனை வைத்துவிட்டாள்.